தனக்குத் தானே நன்னடத்தைச் சான்றிதழ்

என் அக்கா மகன் ஆப் செய்கிறான். அவசரத்தில் 'ஆப்பு செய்கிறான்' என்று படித்துவிடாதீர்கள். செல்போன் ஆப். வேளச்சேரியில் ஒரு மாடி போர்ஷன், மூன்று சிநேகிதர்கள், நாலு லேப்டாப். யார் வந்து கேட்டாலும் செய்து தருவார்கள். போன வருடம் ஒரு கிளையன்ட்டுக்காக நல்ல நேரம், ராகு காலம், ராசிபலன் எல்லாம் சொல்லும் தினக் காலண்டர் ஆப் ஒன்றைச் செய்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்குச் சாப்பிட வந்தவன், இலை போடுவதற்குள் லேப்டாப்பைத் திறந்துவிட்டான்.

"சோறு போடுற நேரத்துல என்னடா பண்றே?"

"கூகுளுக்கு ஃபார்ம் ஃபில்லப் பண்றேன் மாமா. டேட்டா சேஃப்டி ஃபார்ம். இதைக் கொடுக்காம ஸ்டோர்ல ஆப்பை ஏத்த விடமாட்டான்."

எட்டிப் பார்த்தேன். இந்த ஆப், பயன்படுத்துகிறவரின் தகவல் எதையாவது சேகரிக்கிறதா, யாருடனாவது பகிர்கிறதா என்று கேள்வி. ஆம், இல்லை என்று இரண்டு வட்டங்கள். அவன் 'இல்லை'யை அழுத்தினான். ஆம் என்றிருந்தால் பெயர், போன் நம்பர், இருப்பிடம், போட்டோ, தொடர்பு எண்கள் என்று நீளமான பட்டியல் வந்திருக்கும். ஒவ்வொன்றையும் எடுக்கிறாயா, எதற்காக எடுக்கிறாய், கட்டாயமா, விருப்பமா என்று குடைந்திருக்கும். 'இல்லை' என்றதும் எல்லாம் காணாமல் போனது. நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் ஃபார்ம் முடிந்தது.

"நிஜமாவே எதையும் எடுக்கலையா?"

"நான் எடுக்கலை மாமா. விளம்பரம் வர்றதுக்கு ஒரு எஸ்.டி.கே. போட்டிருக்கேன். அது கொஞ்சம் எடுக்கும்."

"என்னென்ன எடுக்கும்?"

"அதுக்குத் தனியா ஒரு பக்கம் இருக்கு. படிச்சுப் பாக்கணும்."

"படிச்சியா?"

"நாளைக்கு லைவ் போகணும்னு கிளையன்ட் உயிரை எடுக்கறான் மாமா. அப்பளம் இன்னொண்ணு போடச் சொல்லுங்க."

நாலு நாள் கழித்து போன் செய்தான். கூகுளிடமிருந்து மெயில். உன் ஆப் போனின் அடையாள எண்ணை வெளியே அனுப்புகிறது, ஆனால் நீ ஃபார்மில் அதைச் சொல்லவில்லை, திருத்து என்று. அந்த ஒரு கட்டத்தில் மட்டும் டிக் அடித்துத் திருப்பி அனுப்பினான். பாஸாகிவிட்டது.

"மத்ததெல்லாம்?"

"அதைப் பத்தி அவன் கேக்கலையே மாமா!"

கான்ஸ்டபிள் நிற்கிற சிக்னலில் மட்டும் ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, தாண்டியதும் பெட்ரோல் டேங்க் மேல் வைக்கிற புத்திதான். என் அக்கா மகன் என்பதற்காக அவனை விட்டுவிடப் போவதில்லை. ஆனால் அவனைவிடப் பெரிய ஆள்கள் இருக்கிறார்கள். முதலில் அவர்களிடம் வருகிறேன்.

ப்ளே ஸ்டோரில் ஒரு ஆப்பைத் திறந்தால் 'டேட்டா பாதுகாப்பு' என்று ஒரு பெட்டி தெரியும். ஐபோன்காரர்களுக்கு அதே மாதிரி இன்னொரு லேபிள். பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கம் சர்க்கரை இத்தனை, கொழுப்பு இத்தனை என்று அச்சடிக்கிறார்களே, அது மாதிரி. ஆப்பிள் இதை 2020 ஜூனில் அறிவித்தது. அந்த டிசம்பரிலிருந்து புதிதாக வருகிற, புதுப்பிக்கிற எல்லா ஆப்புக்கும் கட்டாயம் என்றது. கூகுள் 2022 ஏப்ரலில் பெட்டியைக் காட்ட ஆரம்பித்தது. எல்லா ஆப்காரர்களும் ஜூலை 20-க்குள் ஃபார்மை நிரப்ப வேண்டும் என்று கெடு விதித்தது.

நல்ல விஷயம்தானே என்றுதான் நானும் நினைத்தேன். அதில் எழுதியிருப்பது யார் சொன்னது என்று பார்க்கும்வரை.

ஆப் செய்தவர் சொன்னது. அவ்வளவுதான். ஆப்பிளின் லேபிளைத் தட்டி உள்ளே போனால், இந்தத் தகவலை ஆப்பிள் சரிபார்க்கவில்லை என்று ஒரு வரி இருந்தது. கூகுளும் தன் உதவிப் பக்கத்தில், ஃபார்மில் சொல்வது முழுமையாகவும் சரியாகவும் இருப்பதற்கு ஆப் செய்தவரே பொறுப்பு என்று கையைக் கழுவிக்கொள்கிறது. ஹெட்மாஸ்டர் நாற்காலியில் மாணவனே உட்கார்ந்து, தன் டி.சி.யில் 'நடத்தை: மிக நன்று' என்று எழுதி, ஸ்கூல் சீலையும் குத்திக்கொள்கிற ஏற்பாடு. சீல் மட்டும் அசல்!

லேபிள் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 2021 ஜனவரி கடைசியில் 'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகையின் தொழில்நுட்பக் கட்டுரையாளர் ஜெஃப்ரி ஃபௌலர் ஒரு எளிய காரியம் செய்தார். தன் ஐபோனிலிருந்து வெளியே போகிற தகவல்களைக் கண்காணித்தார். சும்மா விரலால் பிசைந்துகொண்டே இருப்பதற்கு ஒரு ஆப். அதற்கு 'தகவல் எதுவும் சேகரிக்கப்படவில்லை' என்று ஆப்பிளின் உச்சகட்ட நற்சான்று. அது ஃபேஸ்புக்குக்கும் கூகுளுக்கும் தகவல் அனுப்பிக்கொண்டிருந்தது. இப்படி இன்னும் சில. அடுத்த மாதமே அமெரிக்க நாடாளுமன்றக் குழுவிலிருந்து ஆப்பிள் தலைவர் டிம் குக்குக்கு, என்னய்யா இது என்று கேட்டுக் கடிதம் போனது. ஒரு பத்திரிகைக்காரர் கண்டுபிடித்ததை, உலகத்திலேயே பெரிய கம்பெனியால் கண்டுபிடிக்க முடியவில்லையாம்!

கூகுள் கதை இன்னும் சுவாரஸ்யம். 2023 பிப்ரவரியில் மோஸில்லா அமைப்பு, ப்ளே ஸ்டோரில் அதிகம் பேர் வைத்திருக்கும் 40 ஆப்களை எடுத்துக்கொண்டது. காசுக்கு 20, இலவசம் 20. ஸ்டோர் லேபிளில் என்ன சொல்கிறார்கள், அதே ஆப்பின் தனியுரிமைக் கொள்கையில் என்ன சொல்கிறார்கள் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தது. 16 ஆப்கள் மோசம். 15 சுமார், திருந்த வேண்டும். 6 மட்டும் பரவாயில்லை. மீதி 3 ஃபார்மையே நிரப்பவில்லை. டிக்டாக்கும் ட்விட்டரும் லேபிளில் வெளியாருக்கு எதையும் கொடுக்கவில்லை என்றன. கொள்கையில், விளம்பரதாரர்களுக்குக் கொடுக்கிறோம் என்றன. இரண்டையும் எழுதியது ஒரே கம்பெனி! கம்பெனி முழுமைக்குமான கொள்கையையும் ஒரு தனி ஆப்பின் லேபிளையும் போட்டுக் குழப்பிவிட்டார்கள் என்று கூகுள் பதில் சொன்னது. இருக்கலாம். அப்படியானால் அந்த ஆப்பை வைத்திருக்கிறவன் எதை நம்ப வேண்டும்? அதற்குப் பதில் இல்லை.

இன்னொரு கூத்தும் நடந்தது. 2022 ஜூலையில் இந்தப் புதுப் பெட்டி வந்த கையோடு, அதுவரை ஸ்டோரில் இருந்த 'அனுமதிகள்' பட்டியலை கூகுள் எடுத்துவிட்டது. கேமராவைத் தொடும், மைக்கைத் தொடும் என்று சொல்கிற அந்தப் பட்டியல், ஆப்பின் உள்ளே இருப்பதை வைத்து கூகுளே தயாரிப்பது. அதில் யாரும் பொய் எழுத முடியாது. அதைத் தூக்கிவிட்டு, பொய் எழுத முடிகிற பெட்டியை மட்டும் வைத்தார்கள். உலகம் முழுக்கத் திட்டு விழுந்த பிறகு அந்த மாதமே திருப்பி வைத்தார்கள்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பீர்கள். அனுமதி என்பது, கதவைத் திறக்கலாமா என்று கேட்பது. உள்ளே வந்தவன் எதை எடுத்துக்கொண்டு போனான், யார் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தான் என்று சொல்ல வேண்டியது லேபிள். திருட்டில் முக்கியமானது இரண்டாவதுதான்.

சரி, அந்த எஸ்.டி.கே. விவகாரம். அது கடையில் வாங்குகிற ரெடிமேட் சாம்பார்ப் பொடி மாதிரி. விளம்பரம் காட்ட, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ண, ஃபேஸ்புக் கணக்கை வைத்து உள்ளே நுழைய... ஒவ்வொன்றுக்கும் யாரோ எழுதி வைத்த பொடியை வாங்கிக் கொட்டுகிறார்கள். பொடியில் என்ன இருக்கிறது என்று சமையல்காரருக்கே தெரியாது. கொரோனா காலத்தில் ஊரே ஜூமில் உட்கார்ந்திருந்ததே, 2020 மார்ச்சில் அந்த ஆப்பின் ஐபோன் வடிவம் ஃபேஸ்புக்குக்குத் தகவல் அனுப்புகிறது என்று ஒரு பத்திரிகை எழுதியது. ஃபேஸ்புக் கணக்கே இல்லாதவர்களின் தகவலும் போனது. எங்களுக்கே தெரியாது என்று சொல்லி ஜூம் அந்தப் பொடியை எடுத்துப் போட்டது. அது பொய் என்று நான் சொல்லவில்லை. உண்மையாகவே தெரியாமல் இருக்கலாம். அவ்வளவு பெரிய கம்பெனிக்கே தெரியவில்லை என்றால் வேளச்சேரி மாடி போர்ஷனுக்கு எப்படித் தெரியும்?

ஆனால் பொடி விற்றவருக்குத் தெரியும். என் அக்கா மகன் போட்ட விளம்பரப் பொடியே கூகுள் கம்பெனியுடையதுதான். ஐ.பி. முகவரி, அதை வைத்து ஆள் ஏறத்தாழ எந்த ஊர் என்ற கணிப்பு, ஆப்பில் எதைத் தட்டினார் என்ற விவரம், போனின் அடையாள எண் எல்லாம் இந்தப் பொடி வழியாக எங்களுக்கு வரும் என்று கூகுளே தன் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. ஆக, இடது கையால் அந்தத் தகவலை வாங்கிக்கொள்கிறவர், வலது கையால் 'இதை மட்டும்தான் எடுக்கிறது' என்ற லேபிளை ஒட்டுகிறார். நடுவில் என் அக்கா மகன் 'பொறுப்பாளர்'.

பி.காம். படித்தவன் நான். ஆடிட்டிங் பாடத்தில் எல்லோருக்கும் சொல்லித் தருகிற ஒரு பழைய இங்கிலாந்து வழக்கு உண்டு. கிங்ஸ்டன் பஞ்சாலை வழக்கு, 1896. ஆடிட்டர் வீட்டைக் காக்கிற நாய், மோப்பம் பிடித்துத் துரத்துகிற வேட்டை நாய் அல்ல என்று நீதிபதி சொன்னார். தேர்வில் இதை எழுதாமல் பாஸானவன் குறைவு. வேட்டை நாயாக இல்லாவிட்டாலும், வாசலில் ஒரு நாயாவது வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. ஒரு கம்பெனி தன் லாபக் கணக்கைத் தானே எழுதலாம். ஆனால் வெளியாள் ஒருவர் வவுச்சரைப் புரட்டி, பேங்க்குக்குக் கடிதம் போட்டு, கையெழுத்துப் போட்டால்தான் ஷேர் வாங்குகிறவன் அதை மதிப்பான். அப்படிக் கையெழுத்துப் போட்டும்கூட சத்யம் நடந்தது. இல்லாத 5,040 கோடி ரூபாய் இருப்பதாகக் கணக்கில் காட்டியதை 2009 ஜனவரி 7-ம் தேதி ராமலிங்க ராஜுவே கடிதம் எழுதிச் சொன்ன பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. ஆடிட்டர் இருந்தே அந்த லட்சணம் என்றால், ஆடிட்டரே இல்லாத கணக்கு எப்படி இருக்கும்?

லேபிள் என்று பெயர் வைத்தார்களே, நிஜ லேபிள் எப்படி வேலை செய்கிறது என்பதையும் பார்க்கலாம். 2014-ல் உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கியில் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் ஒரு கடையில் மேகி பாக்கெட்டை எடுத்தார்கள். 'அஜினமோட்டோ சேர்க்கப்படவில்லை' என்று மேலே எழுதியிருந்தது. பரிசோதனைச் சாலைக்கு அனுப்பினார்கள். இருக்கிறது என்று வந்தது. நாங்கள் சேர்க்கவில்லை, பொருளில் இயற்கையாக இருப்பது அது என்றது கம்பெனி. 2015 ஜூனில் நாடு முழுக்கத் தடை. ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம் தடையை நீக்கி, மறுபடியும் சோதிக்கச் சொன்னது. மேகி திரும்ப வந்தது, என் வீட்டிலும் வெந்துகொண்டுதான் இருக்கிறது. யார் பக்கம் நியாயம் என்பதல்ல என் பேச்சு. லேபிளில் எழுதியதை வாசித்துவிட்டு, பாக்கெட்டைப் பிரித்துப் பார்க்க அரசாங்கத்தில் சம்பளம் வாங்குகிற ஒருவர் இருந்தார். அவர் தப்பு செய்திருந்தால் கேட்க ஒரு கோர்ட் இருந்தது. ஆப் லேபிளைப் பிரித்துப் பார்க்கச் சம்பளம் வாங்குகிறவர் இந்த நாட்டில் எந்த ஆபீஸில், எந்த மாடியில் உட்கார்ந்திருக்கிறார்? சொல்லுங்கள், நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

ஸ்டோர்காரர்கள் வழக்கமாகச் சொல்கிற பதில் ஒன்று உண்டு. 'லட்சக்கணக்கான ஆப் வருகிறது சார், ஒவ்வொன்றையும் எப்படிச் சோதிப்பது?'

2020 ஆகஸ்ட் 13-ம் தேதி 'ஃபோர்ட்நைட்' என்கிற விளையாட்டு ஆப்பில், ஆப்பிளுக்கும் கூகுளுக்கும் கமிஷன் தராமல் நேரடியாகக் காசு வாங்க ஒரு வழி வைத்தார்கள். அன்றைக்கே, பொழுது போவதற்குள், இரண்டு ஸ்டோரிலிருந்தும் தூக்கிவிட்டார்கள். 2024 மார்ச் 1-ம் தேதி கட்டணத் தகராறில் சில இந்தியக் கம்பெனிகளின் ஆப்களை கூகுள் அகற்றியது. நம் சென்னை பாரத் மேட்ரிமோனியும் அதில் மாட்டிக்கொண்டது. டெல்லியில் அமைச்சர் குறுக்கிட்டதும் சில நாளில் திரும்ப வைத்தார்கள். கமிஷன் ஒரு ரூபாய் தப்பினால் மூக்கில் வேர்த்துவிடுகிறது. என் இருப்பிடம் மூன்றாவது ஆளுக்குப் போனால் மட்டும் சளி பிடித்து மூக்கு அடைத்துக்கொள்கிறது.

கூகுள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது அநியாயம். 2024-ல் மட்டும் விதி மீறிய 23 லட்சத்து 60 ஆயிரம் ஆப்களை ஸ்டோருக்குள் வராமல் தடுத்ததாக அவர்களே கணக்குச் சொல்கிறார்கள். அக்கா மகனுக்கு வந்த மெயிலும் அதன் ஒரு துளிதான். அதனால்தான் கோபம் அதிகமாகிறது. கண் தெரியாதவனைக் குறை சொல்ல மாட்டேன். கண் தெரிந்து, வேண்டியதை மட்டும் பார்க்கிறவனை என்ன சொல்வது?

இதெல்லாம் அமெரிக்கக் கவலை, நமக்கென்ன போச்சு, என் போனில் என்ன ராஜ ரகசியமா இருக்கிறது என்று ஒரு கோஷ்டி சொல்லும். என் ஆபீஸிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு டார்ச் கதையைச் சொல்லலாம். போனை டார்ச் லைட்டாக மாற்றுகிற ஆப் ஒன்று, கோடிக்கணக்கான பேர் டவுன்லோட் செய்தது. வெளிச்சம் காட்ட நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று தெரிய வேண்டியதில்லை. அந்த ஆப் அதை எடுத்து விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுத்தது என்று அமெரிக்க வர்த்தக ஆணையமான எஃப்.டி.சி. 2013 டிசம்பரில் குற்றம் சாட்டியது. நிபந்தனைகளை ஏற்கிறாயா, மறுக்கிறாயா என்று திரையில் கேட்கும். நீங்கள் எதையும் தொடுவதற்கு முன்பே தகவல் போய்விட்டிருக்கும். அபராதம் கிடையாது, இனிமேல் ஒழுங்காக இரு என்று சமரசம்.

அதற்கும் அசையாதவர்களுக்கு, நம் ஊரின் லோன் ஆப்.

2020 கடைசியில், ஊரடங்கில் வேலை போனவர்கள் மூவாயிரம், ஐயாயிரம் என்று ஆப்பில் கடன் வாங்கினார்கள். பான் கார்டு, ஒரு செல்ஃபி, அஞ்சே நிமிஷம். உள்ளே நுழையும்போது தொடர்பு எண்கள், போட்டோக்கள் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்கும். சரி என்று தட்டினால்தான் பணம். தவணை ஒரு நாள் தப்பினால், போனில் இருக்கிற அத்தனை பேருக்கும் செய்தி. அப்பாவுக்கு, ஆபீஸ் மேனேஜருக்கு, சம்பந்தி வீட்டுக்கு. 'திருடன்' என்று எழுதிய போட்டோ. பெண்கள் என்றால் வெட்டி ஒட்டிய ஆபாசப் படம். தற்கொலைகள் நடந்தன. டிசம்பரில் தெலங்கானா போலீஸ் ரெய்டில் இறங்கிய பிறகுதான் தேசத்துக்கு முழிப்பு வந்தது. ரிசர்வ் வங்கி போட்ட குழு, 2021 ஜனவரி, பிப்ரவரி இரண்டே மாதத்தில் இந்தியர்களுக்குக் கிடைத்த சுமார் 1,100 கடன் ஆப்களில் 600 சட்டவிரோதம் என்று கண்டது.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள். தொடர்பு எண்களைக் கொடுக்க அனுமதி தந்தவர் கடன் வாங்கியவர். ஆனால் அந்தப் பட்டியலில் இருந்த நானூறு பேரும் யாருக்கும் அனுமதி தரவில்லை. அவர்கள் அந்த ஆப்பைப் பார்த்ததுகூட இல்லை. அவர்களுடைய நம்பர் அவர்களைக் கேட்காமல் போனது. நீங்கள் எவ்வளவு உஷாராக இருந்தாலும் ஒன்றும் நடக்காது. உங்கள் நம்பரை வைத்திருக்கிற ஒன்றுவிட்ட சித்தப்பா உஷாராக இருக்க வேண்டும். 'என் போனில் ரகசியம் இல்லை' கோஷ்டி இதை யோசித்துப் பார்க்கட்டும்.

பிறகு எல்லாம் வந்தது. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, கடன் ஆப் தொடர்பு எண்களையும் போட்டோக்களையும் தொடவே கூடாது என்றது. 2023 மே 31 முதல் கூகுளும் அதையே தன் விதியாக்கியது. 2022 செப்டம்பரிலிருந்து ஓராண்டுக்குள் 2,200-க்கும் மேற்பட்ட மோசடி லோன் ஆப்களை கூகுள் அகற்றியதாக அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. சந்தோஷம். இவற்றில் ஸ்டோர் வழியாக வந்த ஒவ்வொன்றும் அவர்களுடைய வாசலைத் தாண்டித்தானே வந்தது? வாட்ச்மேன் உள்ளே விட்டார், வீடு கொள்ளை போனது, பிறகு வாட்ச்மேனே இத்தனை பேரைப் பிடித்தேன் என்று கணக்குக் கொடுக்கிறார்.

அரசாங்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு. நினைத்தால் முடியாதவர்கள் இல்லை. 2020 ஜூன் 29-ம் தேதி ஒரே அறிவிப்பில் டிக்டாக் உள்பட 59 சீன ஆப்களை நிறுத்தினார்கள். தனியுரிமை அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் சொன்னார்கள். அதற்கு ஒரு சட்டம் போட ஆறு வருடம். 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. விதிகள் வர இன்னும் இரண்டு வருடம், 2025 நவம்பர். முக்கியமான கடமைகள் அமலாக, அதிலிருந்து 18 மாதம் அவகாசம். ஒரு ஆப் தகவலைத் தூக்கிக்கொண்டு ஓட எவ்வளவு நேரம் ஆகும் என்று டார்ச் கதையில் பார்த்தோம்.

சட்டத்தில் நல்லது இல்லாமல் இல்லை. சம்மதம் கேட்கிற அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்க வழி செய்ய வேண்டும். தமிழில் கேட்கலாம்! அதிகபட்ச அபராதம் 250 கோடி ரூபாய். கை தட்டுவதற்கு முன், அந்தப் பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். அரசின் தொகுப்பு நிதிக்கு. படம் வெட்டி ஒட்டப்பட்ட பெண்ணுக்கு ஒரு பைசா கிடையாது. தகவல் பாதுகாப்பில் அலட்சியமாக இருந்த கம்பெனியிடம் இழப்பீடு கேட்க, பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. அதை நீக்கவும் இந்தப் புதுச் சட்டமே ஏற்பாடு செய்துவிட்டது. அதே சமயம், அற்பமான புகார் கொடுக்கிற குடிமகனுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம். பர்ஸைத் தொலைத்தவன் ஸ்டேஷனுக்குப் போகும்போது பாக்கெட்டில் பத்தாயிரம் வைத்துக்கொண்டு போக வேண்டும்!

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. ஆப்பை விற்றுக் கமிஷன் வாங்குகிறவர், லேபிளுக்கும் சேர்த்துப் பொறுப்பேற்கட்டும். கடையில் விற்ற மருந்து போலி என்றால் கடைக்காரர் மேல் கேஸ் உண்டா இல்லையா? எல்லா ஆப்பையும் வேண்டாம், ஆடிட்டர் செய்கிற மாதிரி நூற்றுக்கு ஒன்று எடுத்துப் பிரித்துப் பார்க்கட்டும். அதிகம் பேர் வைத்திருப்பதை முதலில் எடுக்கட்டும். என்ன கண்டார்கள் என்று பெயரோடு வெளியிடட்டும். விளம்பரப் பொடி விற்கிறவரே ஸ்டோர்காரராக இருந்தால், அந்தப் பொடி எடுப்பதை ஆப் செய்கிறவன் டிக் அடிக்கக் காத்திருக்காமல் அவரே லேபிளில் எழுதட்டும். தெரிந்த விஷயத்தை ஊரானிடம் கேட்டு எழுதுவது என்ன நேர்மை? கொஞ்சம் நகர்ந்திருக்கிறார்கள். 2024 மே முதல் சில முக்கியமான எஸ்.டி.கே.க்கள் தாங்கள் என்ன எடுக்கிறோம் என்ற சீட்டையும் சேர்த்தே வர வேண்டும் என்று ஆப்பிள் கட்டாயமாக்கியிருக்கிறது. அந்தச் சீட்டை எழுதுகிறவரும் எஸ்.டி.கே. விற்கிறவர்தான் என்பது வேறு விஷயம்.

அக்கா மகனிடம் இதையெல்லாம் சொன்னேன். இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு ராத்திரி போன்.

"மாமா, அந்தப் பக்கத்தைப் படிச்சேன். ஃபார்மைத் திருப்பி ஃபில்லப் பண்ணிட்டேன். எல்லாத்தையும் போட்டுட்டேன். ஊரு, கிளிக்கு, எல்லாம்."

பெருமையாக இருந்தது. அக்காவிடம்கூடச் சொன்னேன்.

பத்து நாளில் கிளையன்ட் அவனைக் கூப்பிட்டார். 'ஏன் தம்பி, நம்ம ஆப்ல மட்டும் இவ்ளோ நீளமா லிஸ்ட் வருது? பக்கத்துக் காலண்டர்ல எல்லாம் "எதுவும் எடுக்கலை"ன்னு சுத்தமா இருக்கே. ஜனங்க பயந்துட மாட்டாங்களா?' அவர்களும் இதே பொடியைத்தான் போடுகிறார்கள் என்று இவன் விளக்கியிருக்கிறான். 'அது அவங்க பாடு. நீ முன்னாடி இருந்த மாதிரியே மாத்திடு' என்றாராம். இவன் மாட்டேன் என்றானாம்.

இப்போது அந்த ஆப்பை வேறு யாரோ பார்த்துக்கொள்கிறார்கள். நேற்று ராத்திரி ஸ்டோரில் போய்ப் பார்த்தேன். நீள லிஸ்ட் இல்லை. போனின் அடையாள எண் என்று ஒரே ஒரு வரி. அப்டேட் செய்து மூன்று நாள் ஆகியிருந்தது.